பத்துக்கு எத்தனை

மொகோட்லோங் மலைமேல்
முதல் பனி விழுந்த வியாழக்கிழமை. ஜூன்.
பிரசவக் காத்திருப்பு இல்லத்தில்
ஒன்பது கட்டில், ஒன்பது வயிறு,
ஒரே ஒரு பாரஃபின் அடுப்பு.
என் கையில் மசேருவிலிருந்து வந்த படிவம்:
கர்ப்ப கால வாழ்க்கைத் தரம்,
இருபத்தாறு கேள்விகள்.

நான்காவது கட்டில்.
பெயர் கேட்டேன்.
"எந்தப் பெயர்?" என்றாள்.
பிறந்த வீட்டில் ந்தாதிசி.
மணமாகிப் போன அன்றே
மாமியார் வைத்தது மாபுலெங்,
புலெங்கின் அம்மா. மழையில் வந்தவளின் அம்மா.
"புலெங் இன்னும் பிறக்கவில்லை, சிஸ்டர்.
ஆறு வருஷமாக நான் அவளுக்கு அம்மா."
கட்டத்துக்குள் இரண்டு பெயரும் எழுதினேன்.
இடம் போதவில்லை.

கடந்த நான்கு வாரத்தில்
எத்தனை இரவு நன்றாகத் தூங்கினீர்கள்?
"இங்கே வந்து பதினொரு நாள்.
பகலிலும் தூங்குகிறேன்.
மத்தியானத் தூக்கம் எப்படி இருக்குமென்று
இதுவரை தெரியாது எனக்கு.
திருடியதுபோல் இருந்தது.
விழித்ததும் முதலில் கதவைத்தான் பார்த்தேன்,
யாராவது நிற்கிறார்களா என்று."

உடல் வலி, பத்துக்கு எத்தனை?
"எந்த வலி?
ஆறு மணி நேரம் குதிரைமேல் வந்தேனே, அதுவா?
இடுப்புக்குள் ஒரு கம்பி இழுக்கிறதே, அதுவா?
இல்லை, பல்லா?
பல்லைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை."
படிவத்தில் பல் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: பல்.

அன்றாட வேலைகளை எளிதாகச் செய்ய முடிகிறதா?
சிரித்தாள். வயிறும் சேர்ந்து குலுங்கியது.
"முடியாதென்றால்
தண்ணீர் தானாக மலையேறி வருமா?
தலையில் இருபது லிட்டர் வாளி.
ஏழாம் மாதத்தில் வயிறு முன்னே இழுக்கும்,
வாளி பின்னே இழுக்கும்,
இரண்டுக்கும் நடுவே நேராக நடந்தேன்.
எளிது என்றே போடுங்கள்.
செய்து முடித்துவிட்டேனே."

குடும்பத்தின் ஆதரவு?
"தெஃபோ சுரங்கத்தில் இருக்கிறான், எல்லைக்கு அப்பால்.
ஞாயிறு பேசுவான்.
சிக்னலுக்காக நான் கல்மேட்டில் ஏறி நிற்பேன்.
'ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?'
'சாப்பிடுகிறேன்.'
அவன் இருமலை அவன் விழுங்குவான்,
என் கால் வீக்கத்தை நான் விழுங்குவேன்.
நல்ல பொய்யர்கள் நாங்கள்.
ஏழு போடுங்கள்."

வாழ்க்கையை எவ்வளவு ரசிக்கிறீர்கள்?

வெகுநேரம் பேசவில்லை.
அடுப்பில் கீரை வெந்தது.
ஜன்னலில் பனி ஒட்டி ஒட்டி நழுவியது.
"மழைக்குப் பெயர் வைத்துவிட்டாள் மாமியார்,
இப்போது பனி கொட்டுகிறது.
அவளே வானத்தோடு பேசித் தீர்க்கட்டும்" என்றாள்.
பிறகு, கேள்வி அப்போதுதான் காதில் விழுந்ததுபோல்:

"நேற்று ராத்திரி
ஏழாம் கட்டில் பெண்ணும் நானும்
எதிரெதிரே உட்கார்ந்தோம்.
வாசலின் டப்பா அவளுடையது.
வயிறு மறித்ததால்
அவள் கால் அவளுக்கு எட்டவில்லை,
என் கால் எனக்கு எட்டவில்லை.
மாற்றிக்கொண்டோம்.
குதிகால் வெடிப்பெல்லாம் தேய்த்துவிட்டாள், சிஸ்டர்,
ஒவ்வொன்றாக.
கல்யாணத்துக்குப் பிறகு
என் காலை நான் பார்த்ததே குறைவு.
அதற்கு எத்தனை என்று நீங்களே சொல்லுங்கள்."

பென்சில் நின்றது.
என் மூத்தவனைச் சுமந்தபோது
எட்டாம் மாதம் வரை இரவுப் பணி எனக்கு.
மருந்து அலமாரியில் சாய்ந்து
நின்றபடியே கண்ணயர்வேன்.
பத்துக்கு எத்தனை என்று ஒருவர் கேட்டிருந்தால்
அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன்,
அல்லது அதட்டியிருப்பேன்.

பத்தொன்பதாம் கேள்விக்குப் பாதியில்
கம்பளியைத் தோள்வரை இழுத்துக்கொண்டவள்
அப்படியே தூங்கிப்போனாள்,
வாய் சற்றே திறந்து,
கதவுக்கு முதுகு காட்டி.

மீதிக் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் குறுக்காக
ஒரே சொல் எழுதினேன்: உறங்குகிறாள்.
மசேருவில் இதை ஏற்கமாட்டார்கள்.

பல் மருத்துவர் இரண்டாம் செவ்வாய் வருவார்.
அதை மட்டும்
உள்ளங்கையில் குறித்துக்கொண்டு
ஐந்தாம் கட்டிலுக்குப் போனேன்.